இருபத்தேழாம் எண் மேஜை

“இருபத்தேழு யாரு?”

அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். தைவானின் கீலுங் துறைமுக நகரில், கல்லூரி உணவுக்கூடத்தில், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கான அறிமுக நாள் முடியும் நேரம். எங்கள் உணவு அறிவியல் துறையில் பதிவெண்ணின் கடைசி இரண்டு இலக்கம்தான் உறவு. அதே இலக்கத்தோடு ஒரு வகுப்பு மேலே இருப்பவர் தின்பண்டப் பையோடு வந்து, ‘நான்தான் உன் அக்கா’ என்றோ ‘அண்ணன்’ என்றோ சொல்ல வேண்டும். மற்றவர்களுக்கெல்லாம் ஆள் வந்துவிட்டது. படம் எடுத்துக்கொண்டு கிளம்பியும் விட்டார்கள். நான் சுவரோரம் நின்றிருந்தேன்.

“நான்தான் அக்கா,” என்றேன்.

“அக்கான்னு கூப்பிடாதே. உன் அக்கா தைபேக்கு ஓடிட்டா. வேற காலேஜ், வேற படிப்பு. நான் அவளுக்கு மேல.”

“அப்போ எனக்கு...”

“யாரும் இல்ல. நீ அனாதை. முழிக்காதே, இங்க அப்படித்தான் சொல்லுவாங்க. நானும் அனாதையாத்தான் வந்தேன். ஆபீஸ்ல பான் மேடம் உன்னை என் தலையில கட்டிட்டாங்க. மாட்டேன்னேன். கையெழுத்து வாங்கிட்டுத்தான் விட்டாங்க.”

மழைக்கோட்டைக் கழற்றாமலே நின்றாள். தரையில் நீர் சொட்டிக் குளமாகிக்கொண்டிருந்தது. துடைப்பத்தோடு வந்த பணியாளர் முறைத்தார். இவள் திரும்பி முறைத்தாள். அவர் போய்விட்டார்.

“எந்த ஊரு?”

“மலேசியா. ஈப்போ.”

“சீனம் எங்க கத்துக்கிட்டே?”

“சீனப் பள்ளியிலதான் படிச்சேன்.”

“வீட்டுல?”

“தமிழ்.”

“ரெண்டு பாஷை வெச்சுக்கிட்டு ஒண்ணுலயும் வாயைத் திறக்க மாட்டேங்கிறே.”

நான் அவள் கையிலிருந்த பையைப் பார்த்தேன்.

“அதுவும் நல்லதுதான். இந்த வரிசையில பேசினவங்க யாரும் நல்லா இருந்ததில்ல.” பையை நீட்டினாள். “பிஸ்கட்டை இந்த வாரத்துக்குள்ள தின்னுடு, தேதி முடியுது. பழைய கேள்வித்தாள் இருக்கு. மூணாவது பதில் தப்பு. ப்ரொபசரும் அதைத் தப்பாத்தான் நடத்துவாரு. தப்பையே எழுது, மார்க் விழும்.”

“தேங்க்ஸ் அக்கா.”

“அக்கான்னு கூப்பிடாதேன்னு இப்பத்தான் சொன்னேன்.”

அன்றிலிருந்து இன்றுவரை நான் அவளை வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. அவளும் என்னைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. நான் இருபத்தேழு.

அவள் பெயர் கோ பெய்-சென். அப்போது மூன்றாம் ஆண்டு. சொந்த ஊர் யிலான் பக்கம். அப்பா சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரி ஓட்டினார். அம்மா ஜியாவ்சியில் ஒரு வெந்நீரூற்று விடுதியில் படுக்கை விரிப்பு மடிப்பவர். வீட்டில் எல்லோருமே உரத்துப் பேசுகிறவர்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். லாரியின் சத்தத்துக்கும் சலவை இயந்திரத்தின் சத்தத்துக்கும் மேலே பேசிப் பழகியவர்கள். ஆனால் பெய்-சென் உரத்துப் பேசமாட்டாள். சாதாரணக் குரலில், எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்தபடி, அவர் கேட்க விரும்பாத ஒன்றைச் சொல்வாள். வகுப்பில் அவளோடு சேர்ந்து சோதனைக்கூட வேலை செய்ய யாரும் முன்வருவதில்லை. அவளும் யாரையும் கேட்கவில்லை.

எனக்கு அவளைப் பிடித்திருந்தது என்று சொல்ல மாட்டேன்.

இந்த வரிசை முறை எங்கள் துறையில் பழையது. மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்குப் புத்தகம் கொடுப்பார், பருவத்துக்கு ஒருமுறை எல்லோரும் கூடி ‘குடும்பச் சாப்பாடு’ சாப்பிடுவார்கள், அவ்வளவுதான். துறை அலுவலகத்தில் இருந்த பான் மேடம்தான் அதை ஒரு திட்டமாக மாற்றினார். முடிந்த வரிசைக்கெல்லாம் படிப்பு முடித்து வேலையில் இருக்கும் பழைய மாணவர் ஒருவரைத் தேடிப் பிடித்து, மேல் நாற்காலியில் உட்காரவைத்தார். அவர் வந்து சாப்பிட வேண்டும், வேலை உலகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், பிள்ளைகளுக்கு வழிகாட்ட வேண்டும். படம் எடுத்து அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். படத்தில் எல்லோரும் கட்டைவிரலை உயர்த்தியிருக்க வேண்டும். பெய்-சென் இருக்கும் படங்களில் ஒரு கட்டைவிரல் குறையும்.

எங்கள் வரிசையில் மேல் நாற்காலிக்காரர் லியென் குவோ-சுன். துறைமுகத்துக்குப் பின்னால் உறைந்த மீன் உருண்டை செய்யும் ஆலையில் உற்பத்தித் தலைவர். அவருக்கும் எங்களுக்கும் நடுவில் இருந்தவர்கள் யாரும் போனை எடுப்பதில்லை. மூன்றாம் ஆண்டு முடிந்த கோடையில் ஏதாவது ஓர் ஆலையில் பயிற்சி முடிக்காமல் எங்கள் துறையில் பட்டம் கிடையாது. லியென் ஆண்டுதோறும் தன் ஆலையில் ஓர் இடத்தை இருபத்தேழாம் வரிசையின் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைக்கு ஒதுக்குவார். அந்த வருடம் அந்தப் பிள்ளை பெய்-சென்.

அவள் வேறெங்கும் விண்ணப்பிக்கவில்லை. விண்ணப்பித்தால் நேர்காணல் இருக்கும். நேர்காணலில் அவள் பேசுவாள். அது அவளுக்கே தெரிந்திருந்தது. லியெனின் ஆலையில் நேர்காணல் கிடையாது, எண் போதும். அந்தக் கோடையைத் தவறவிட்டால் இன்னும் ஒரு வருடம். அவள் அம்மா, மகள் அடுத்த வருடம் முடித்துவிடுவாள் என்று விடுதியில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

குளிர்காலக் குடும்பச் சாப்பாடு கோயில் தெருவுக்குப் பின்னால் ஒரு கொதிசட்டிக் கடையில், மேஜை நடுவில் கொதிக்கும் சூப்பில் எல்லோரும் போட்டு வேகவைத்துத் தின்னும் இடத்தில், நடந்தது. எங்கள் வரிசையில் மாணவர்கள் இரண்டே பேர் என்பதால் இருபத்தெட்டாம் வரிசைப் பிள்ளைகளையும் லியென் கூப்பிட்டிருந்தார். அதில் மூன்றாம் ஆண்டு மாணவன் வென்-ஜியே. இனிமையான பையன். அவனை யாரும் குறை சொல்லி நான் கேட்டதில்லை. பெய்-சென் மட்டும் அவனைச் ‘சர்க்கரைப் பாகு’ என்பாள், அவன் காதில் விழும்படியே. அவன் அதற்கும் சிரிப்பான்.

லியென் உள்ளே வந்ததும் முதலில் பெய்-சென்னைப் பார்த்துத்தான் பேசினார்.

“என்ன, இன்னிக்காவது சிரிப்பு உண்டா? சிரிச்சா பல்லு கொட்டிடுமா?”

“சிரிப்பு வர்ற மாதிரி ஏதாவது சொல்லுங்க அண்ணா.”

எல்லோரும் சிரித்தார்கள், லியெனும். அவர் முதலில் சிரிப்பவர். சிரித்து முடித்த பிறகுதான் அவர் என்ன நினைத்தார் என்று தெரியும்.

தன் ஆலையிலிருந்து ஒரு பெரிய பொட்டலம் மீன் உருண்டை கொண்டுவந்திருந்தார். புது வகை, இன்னும் கடைக்கு வரவில்லை என்றார். கடைக்காரம்மாவிடம் கொடுத்து எங்கள் சட்டியிலேயே போடச் சொன்னார். வெள்ளையாக, உருண்டையாக, எல்லாம் ஒரே அளவில் மேலே மிதந்தன. பிறகு வழக்கமான சுற்று தொடங்கியது. ஒவ்வொருவரும் தேநீர்க் கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து, பெரியவரிடமிருந்து இந்தப் பருவத்தில் தான் பெற்றது என்ன என்று சொல்ல வேண்டும். அன்று அதோடு உருண்டை எப்படி என்றும் சொல்லச் சொன்னார்.

வென்-ஜியே எழுந்தான். “அண்ணன்கிட்டேருந்து பொறுமையைக் கத்துக்கிட்டேன். உருண்டையை வாயில வெச்சதும் துறைமுகத்துல நிக்கிற மாதிரி இருந்தது. கடல் வாசனை அப்படியே இருக்கு.”

“துறைமுகத்துல டீசல் வாசனைதானே வரும்?” என்றாள் பெய்-சென், காய்கறியைத் தேடியபடி.

அடுத்து நான். “சூடா இருக்கு அண்ணா,” என்று சொல்லி உட்கார்ந்தேன்.

“பார், என்ன அடக்கம்!” என்றார் லியென். “பெய்-சென், இந்தப் பிள்ளைகிட்டேருந்து நீ கத்துக்கணும். ம், சொல்லு. உனக்கு எப்படி?”

அவள் எழுந்திருக்கவில்லை. ஓர் உருண்டையைக் குச்சிகளால் இரண்டாகப் பிளந்து, உள்ளே பார்த்து, பாதியைத் தின்றாள்.

“மாவு ஜாஸ்தி அண்ணா. மீன் இந்தப் பக்கம் வந்துட்டுப் போயிருக்கு, அவ்வளவுதான்.”

வென்-ஜியே குச்சிகளைக் கீழே வைத்தான். பிறகு லியென் சிரித்தார். நெடுநேரம் சிரித்தார். சிரித்து முடித்துக் கரண்டியை எடுத்து, ஓர் உருண்டையை அள்ளி, மேஜையைத் தாண்டி வென்-ஜியேயின் கிண்ணத்தில் போட்டார்.

“இன்னிலேருந்து உன்னை நான் தத்து எடுத்துக்கிறேன். நீ இருபத்தேழு. கோடையில என் ஆலைக்கு வா.”

வென்-ஜியே இரண்டு கைகளாலும் கிண்ணத்தைத் தூக்கி வணங்கினான். சிலர் கை தட்டினார்கள்.

“அண்ணா, அது என் இடம்,” என்றாள் பெய்-சென். அதே சாதாரணக் குரலில்.

“இடம் என்னோடதும்மா. உனக்குக் குடுக்கலாம்னு நெனச்சிருந்தேன். எங்க ஆலையில மாவு ஜாஸ்தி, உனக்கு ஒத்துக்காது.”

அவள் கிண்ணத்தில் இருந்ததை முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். படம் எடுக்கும்போது இருந்தாள், கட்டைவிரல் இல்லாமல். வெளியே வந்ததும் நேரே பக்கத்துக் கடைக்குள் போய் தேநீரில் வேகவைத்த இரண்டு முட்டையும் ஒரு சோற்று உருண்டையும் வாங்கினாள்.

“இப்பத்தானே சாப்பிட்டோம்?” என்றேன்.

“மாவு சீக்கிரம் செரிச்சுடும்.”

முட்டையை உரித்தபடி அவள் சொன்னதை நான் அப்போது கோபத்தில் சொல்வதாக நினைத்தேன். “அந்த ஆளு ஒரு தப்பு பண்ணிட்டாரு. அப்பா அம்மா இருக்கிற பிள்ளையைத் தத்து எடுத்திருக்காரு. தத்துங்கிறது நேர் மேல ஆள் இல்லாத அனாதைக்குத்தான். துறையோட வசந்த விருந்துல மேஜை எண்படிதான் போடுவாங்க. சர்க்கரைப் பாகு எங்க உக்காரும்னு நெனைக்கிறே? அவன் வரிசைக்கு மேல யார் இருக்காங்க தெரியுமா?”

தெரியும். ஒரு பெரிய பிஸ்கட் நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவுத் தலைவி.

“அப்போ நம்ம மேஜையில?” என்று கேட்டேன்.

“நீயும் நானும் உக்காந்தாத்தான் அவருக்கு மேஜை.”

மறுநாள் அவள் பான் மேடத்தின் அலுவலகத்துக்குப் போனபோது நானும் பின்னால் போனேன். கூப்பிடவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. பான் மேடம் மேஜைக்கடியில் சின்ன மின்கணப்பின் பக்கம் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“நாற்பத்தொண்ணாம் வரிசை என்னைத் தத்து எடுத்துக்கிறதா சொல்லிடுச்சு மேடம். மாத்திடுங்க.”

“நாற்பத்தொண்ணா? அங்க எல்லாருமே அனாதைங்க. மேல வேலை பாக்கிறவங்க ஒருத்தர்கூட இல்லையே!”

“அதான் பிடிச்சிருக்கு.”

“பெய்-சென், லியென் அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுடு. இடம் திரும்பக் கிடைச்சுடும். நான் பேசறேன்.”

“என்னன்னு கேக்கிறது? மீன் நிறைய இருந்துது, என் நாக்குதான் சரியில்லன்னா?”

“அவர் மனசு என்ன பாடு படும், யோசிச்சியா?”

“அவர் மனசை இந்தப் பருவத்துப் பாடத்துல வெக்கலையே மேடம்.”

பான் மேடம் கணப்பை அணைத்தார். “நான் எவ்வளவு கஷ்டப்பட்டு ஒவ்வொரு ஆளாத் தேடிப் பிடிச்சேன் தெரியுமா? வரிசை உடைஞ்சு போகும்.”

“உடைஞ்சுதான் கிடக்கு. நடுவுல இருக்கிறவங்க போனையே எடுக்கிறதில்ல. நீங்க அதுக்குக் குடும்பம்னு போர்டு மாட்டியிருக்கீங்க. அனாதைக்குத் தத்துப் போற உரிமை இருக்கா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க.”

இருந்தது. விதியை எழுதியவரே பான் மேடம்தான். அவர் தாளை எடுத்துப் போட்டார். பெய்-சென் கையெழுத்திட்டாள். பேனாவை மேஜையில் வைக்கப் போனபோது நான் கையை நீட்டினேன்.

“நீ எதுக்கு?” என்றாள் அவள். “ரெண்டு வருஷத்துல உனக்கும் கோடை இடம் வேணும். அவர் உனக்குக் குடுப்பாரு. நீதான் வாயே திறக்கிறதில்லையே.”

“எனக்கும் அந்த உருண்டை பிடிக்கலை.”

“அன்னிக்கே சொல்லியிருக்கலாமே! ‘சூடா இருக்கு’ன்னே.”

“சூடாத்தான் இருந்தது.”

அவள் பேனாவை என்னிடம் கொடுத்தாள். பாராட்டவெல்லாம் இல்லை. வெளியே வந்ததும், “மழைக்கோட்டு எங்க? நான் குடுத்ததை என்ன பண்ணினே?” என்று திட்டினாள்.

வசந்த விருந்து உடற்பயிற்சிக் கூடத்தில். சிவப்புத் துணி விரித்த வட்ட மேஜைகள், மேஜைக்குப் பத்து நாற்காலி, நடுவில் எண் பலகை. பழைய மாணவர்கள் கணவன் மனைவி குழந்தைகளோடு வந்து அவரவர் எண்ணைத் தேடி உட்கார்ந்தார்கள். நாற்பத்தொன்றாம் மேஜை கடைசியில், பாத்திரம் கழுவும் இடத்துக்குப் போகும் கதவின் பக்கம் இருந்தது. கதவு திறக்கும்போதெல்லாம் பெய்-சென்னின் நாற்காலியில் இடித்தது. அவள் நகரவில்லை.

லியென் புதுக் கோட்டு அணிந்து வந்தார். துறைத் தலைவருக்குக் கொடுக்க உருண்டைப் பெட்டிகளைச் சுமந்து வந்தார். இருபத்தேழாம் மேஜையில் உட்கார்ந்தார். பக்கத்து மேஜையில் இருந்த வென்-ஜியேயைப் பார்த்துக் கையசைத்து, தன் அருகில் இருந்த நாற்காலியைத் தட்டிக் காட்டினார். வென்-ஜியே ஓடி வந்து, குனிந்து, தேநீர் ஊற்றிக் கொடுத்து, ஏதோ சொல்லிவிட்டு, தன் மேஜைக்கே திரும்பிப் போய் பிஸ்கட் நிறுவனத் தலைவியின் பக்கத்தில் உட்கார்ந்தான். அவன்மேல் தப்பில்லை. அவன் எண் அது.

முதல் தட்டு வந்தது. பத்துப் பேருக்கான தட்டு. லியென் அதிலிருந்து ஒரு துண்டு எடுத்துக்கொண்டார். இரண்டாவது வந்தது, மூன்றாவது வந்தது. பரிமாறுகிறவர்கள் பழையதை எடுக்க முடியாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். நண்டு பதித்த ஒட்டரிசிச் சோறு வந்தபோது மேஜையில் இடமே இல்லை. புகைப்படக்காரர் ஒவ்வொரு மேஜையாக வந்துகொண்டிருந்தார். எல்லா மேஜையிலும் சொன்னதையே பழக்கத்தில் அங்கேயும் சொன்னார்: “கொஞ்சம் நெருக்கமா உக்காருங்க.”

இரண்டு மேஜைகளில் சிரித்தார்கள். எங்கள் மேஜையில் யாரும் சிரிக்கவில்லை. பெய்-சென் நண்டின் காலை உடைத்துக்கொண்டிருந்தாள்.

பான் மேடம் அலுவலகத்தில் இருந்து ஒருவரையும், வண்டி நிறுத்தும் இடத்துக் காவலாளியையும் அழைத்துவந்து இருபத்தேழில் உட்காரவைத்தார். அது இன்னும் மோசமாக இருந்தது. காவலாளி தொப்பியைக் கழற்றாமல் சாப்பிட்டார்.

பிறகு லியென் கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். விருந்தில் சின்னவர்கள்தான் பெரியவர் மேஜைக்குப் போய்க் கோப்பை உயர்த்துவார்கள். அவர் அத்தனை மேஜைகளையும் கடந்து, கடைசி மேஜைக்கு, எங்களிடம் வந்தார். கூடத்தில் பேச்சு குறைந்தது. எங்கள் மேஜையில் எல்லோரும் எழுந்து நின்றோம். பெய்-சென்னும் எழுந்தாள்.

“பெய்-சென், நம்ம மேஜைக்கு வா,” என்றார் தாழ்ந்த குரலில். “இந்தப் பிள்ளையையும் கூட்டிக்கிட்டு வா. கோடை இடத்தைப் பேசிக்கலாம்.”

“வென்-ஜியேக்குக் குடுத்துட்டீங்களே.”

“அவனுக்கு வேற எங்கயாவது கிடைக்கும். அது உன் இடம். நீயே சொன்னே.”

அவள் கையில் நண்டின் சாறு வழிந்துகொண்டிருந்தது. இடது கையால் ஒரு தாளை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். அவளுக்கு அந்த இடம் எவ்வளவு வேண்டும் என்று எனக்குத் தெரியும். அந்த வாரம் அவள் அம்மா இரண்டு முறை போன் செய்திருந்தார். போய் உட்கார்ந்தால் போதும். ஒரு படம், ஒரு கட்டைவிரல்.

“வரேன் அண்ணா,” என்றாள். “ஒண்ணு மட்டும் சொல்லுங்க. மாவு ஜாஸ்தியா இல்லையா?”

லியெனின் முகம் சிவந்தது. நம்பமுடியாதவர் போல எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்தார். என்னையும் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொள்ளவில்லை.

“உனக்கு என்ன வேணும்? இவ்வளவு பேர் முன்னாடி நான் உன்கிட்ட மன்னிப்புக் கேக்கணுமா?”

“மன்னிப்பு வேணாம். மாவு.”

அவர் கோப்பையில் இருந்ததைக் குடிக்காமல் எங்கள் மேஜைமேல் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார்.

அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் விருந்தின் கடைசியில், வழக்கம்போல, மேஜைக்கு மேஜை பிளாஸ்டிக் பைக் கட்டைப் போட்டுவிட்டுப் போனார்கள். எல்லோரும் மிச்சத்தை அவரவர் பையில் கட்டத் தொடங்கினார்கள். எங்கள் மேஜையில் எலும்பைத் தவிர எதுவும் இல்லை. பெய்-சென் பைக் கட்டை எடுத்துக்கொண்டு நேரே இருபத்தேழாம் மேஜைக்குப் போனாள், நானும் பின்னால் போனேன். லியென் இன்னும் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னாலேயே ஒவ்வொரு பையாக ஊதித் திறந்து, சோற்றை அள்ளினாள், கோழியை அள்ளினாள், தொடப்படாத மீனை முழுசாகச் சாய்த்தாள்.

“என்ன பண்றே?” என்றார் அவர்.

“எண் எண்தான் அண்ணா. இது இருபத்தேழோட சாப்பாடு. நானும் இவளும் இருபத்தேழு.”

“எடுத்துக்கோ. நல்லா எடுத்துக்கோ. இந்தக் கரையில எந்த ஆலையிலயும் உன்னை உள்ள விடமாட்டாங்க.”

“அந்தச் சூப்பைக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்க.”

அவர் தள்ளவில்லை. நான் தள்ளிக் கொடுத்தேன்.

அந்தச் சாப்பாட்டை நாற்பத்தொன்றாம் வரிசை முழுவதும் சில நாட்கள் சாப்பிட்டது. லியென் யாருக்காவது போன் செய்தாரா என்று எனக்குத் தெரியாது. அந்தக் கோடையில் எந்த ஆலையும் அவளை எடுக்கவில்லை என்பது தெரியும். நேர்காணலுக்குக் கூப்பிட்ட இடங்களில் என்ன பேசினாள் என்பதும் தெரியும், அவளே சொன்னாள். லியென் போன் செய்திருக்கத் தேவையில்லை.

செய்தி கேட்டு அவள் அம்மா ரயிலேறி வந்தார். மாணவியர் விடுதி வாசலில் நின்று, மழையில், நான்கு மாடிக்கும் கேட்கும்படி மகளைத் திட்டினார். நான் குடை பிடிக்கப் போனேன். என்னையும் திட்டினார். பிறகு நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தார். தன் அறிமுக நாளன்று யாரும் வராமல் நின்றதால்தான் பெய்-சென் இப்படி ஆகியிருக்க வேண்டும் என்று நான் அதுவரை நினைத்திருந்தேன். அதை அவரிடம் மெதுவாகச் சொன்னேன்.

“அதெல்லாம் ஒண்ணுமில்ல,” என்றார் அந்த அம்மா. “பொறந்த அன்னிக்கே நர்ஸை முறைச்சா. நர்ஸு சொன்னாங்க, இத்தனை வருஷத்துல என்னை எந்தக் குழந்தையும் இப்படிப் பாத்ததில்லன்னு.”

பெய்-சென் ஒரு வருடம் கூடுதலாக இருந்தாள். தன்னைவிட இளையவர்களோடு வகுப்பில் உட்கார்ந்தாள், அவர்களுக்கும் அவளைப் பிடிக்கவில்லை. அடுத்த கோடையில் ஜியாவ்சியில், அம்மாவின் விடுதிக்குப் பின்தெருவில், கட்டைவிரல் அளவு ஆரஞ்சுப் பழங்களைச் சர்க்கரையில் ஊறவைத்து விற்கும் ஓர் ஆலையில் பயிற்சி முடித்தாள். இன்றும் அங்கேதான் தரச் சோதனையில் இருக்கிறாள். முதலாளிக்கு அவளைக் கண்டால் ஆகாது. பழத்தில் சர்க்கரை ஏறவில்லை என்று அவள் எழுதும் அறிக்கைகளை அவர் படிப்பதில்லை. அவளை வேலையை விட்டு அனுப்பவும் இல்லை. அவள் இடத்துக்கு ஆள் எடுக்க இன்னொரு முறை நேர்காணல் நடத்தும் தைரியம் அவருக்கு இல்லை என்கிறாள். கல்யாணம் ஆகவில்லை. ஸ்கூட்டரை வாசலில் நிறுத்துவது பற்றிப் பக்கத்து வீட்டுக்காரரோடு தொடர்ந்து சண்டை.

என் கோடை இடம் தாவ்யுவானில் ஒரு மாவு ஆலையில் கிடைத்தது. படிப்பு முடிந்து அங்கேயே வேலைக்கும் சேர்ந்தேன். செய்தி அனுப்பியபோது அவள் பதில் ஒரே வரி: மாவு ஜாஸ்தி.

போன மாதம் பான் மேடம் கூப்பிட்டார். குரல் கொஞ்சம் தளர்ந்திருந்தது. லியென் அதன் பிறகு ஒருமுறையும் வரவில்லை. இருபத்தேழாம் வரிசையில் இப்போது மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள், மேல் நாற்காலியில் ஆளில்லை. தத்துப் போனது பழைய கதை, பதிவெண் மாறாதே என்றார். எனக்கு மறுத்துப் பேச வரவில்லை. குளிர்காலச் சாப்பாட்டுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அதே கொதிசட்டிக் கடைதான் என்றார்.

போனை வைத்த பிறகுதான் ரயில் நிலையம் நினைவுக்கு வந்தது. பெய்-சென் கீலுங்கைவிட்டுப் போன நாள். இரண்டு அட்டைப்பெட்டி, ஒரு மின்சார அரிசிச் சட்டி. நான் தூக்கிவந்த பெட்டியை, பிடிக்கத் தெரியவில்லை என்று சொல்லிப் பிடுங்கிக்கொண்டாள். படியில் ஏறி நின்று, கதவு மூடும் மணி அடிக்கும்போது திரும்பினாள்.

“இருபத்தேழு, ஒரு நாள் உன்னையும் கூப்பிட்டு அந்த மேல் நாற்காலியில உக்கார வெப்பாங்க. உனக்கு மாட்டேன்னு சொல்ல வராது, போய் உக்காருவே. முதல் தடவை உக்கார்ற அன்னிக்கு என்னைக் கூப்பிடு. கதவு இடிக்கிற நாற்காலி போதும். நீ அந்தப் பிள்ளைங்களை என்ன சொல்ல வெக்கிறேன்னு நான் பாக்கணும். ஒருத்தியைச் சிரின்னு சொன்னே, சட்டியோட உன் தலையில கவுத்துடுவேன். கூப்பிடு, என்ன?”